உருமாறும் தேரைக்குஞ்சுகள் பேசின் தண்ணீரில் இறந்தது ஏன்? வன்னிப் பாடசாலை ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்புறத்தில் உள்ள ஒரு பாடசாலையில், தரம் 8 மாணவர்கள் மாரி காலத்தில் வாற்பேத்தை வளர்த்தபோது நடந்தது இது. பாடசாலையையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். வளர்ப்பை நடத்தியவர் அந்த வகுப்பின் விஞ்ஞான ஆசிரியை. நான் அங்கே உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சாவு தொடங்கிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தியவற்றை ஆசிரியை சொன்னதையும் மாணவர்களின் குறிப்புக் கொப்பியையும் வைத்து எழுதுகிறேன்.

ஆவணி, புரட்டாதியில் வெடித்துக் கிடக்கும் வன்னி நிலம், ஐப்பசியில் முதல் நல்ல மழை விழுந்தவுடன் தவளைச் சத்தத்தால் நிறைந்துவிடும். அந்த வருடமும் மைதானத்தின் பின்னால் இருந்த மோட்டையில் தண்ணீர் நின்றது. கரைப் புல்லைச் சுற்றி நீளமான சளிநாடாக்களில் தேரை முட்டை இட்டிருந்தது. சில நாட்களில் அவை சின்னஞ்சிறு கறுப்பு வாற்பேத்தைகளாகக் கூட்டம் கூட்டமாக மேய்ந்தன. மலசலகூடத்துக்குப் பக்கத்துச் சீமெந்துத் தொட்டியின் உட்சுவரில் மரத்தவளை ஒன்று வெள்ளை நுரைக்கூடு ஒட்டியிருந்தது. அதிலிருந்து தண்ணீருக்குள் விழுந்தவை வேறு மாதிரி: பருமன், மண்ணிறம், மூக்கு நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு.

மாணவர்கள் இரண்டு வகையிலும் அள்ளி வந்து, விறாந்தையில் ஒரே பிளாஸ்ரிக் பேசினில் விட்டார்கள். மோட்டைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அடியில் கொஞ்ச மண், நடுவில் தலை வெளியே தெரிய இரண்டு மூன்று கற்கள். காகத்துக்கும் பாம்புக்கும் பயந்து மேலே நுளம்பு வலை. சாப்பாட்டுக்கு அவித்த பசளிக்கீரை. தொடக்கத்தில் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. கற்கள் இருந்தது எவ்வளவு நல்லது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

முதலில் கவனித்தது

மாணவர்களின் கொப்பியில் திரும்பத் திரும்ப வரும் குறிப்பு ஒன்று உண்டு: பெரிய வாற்பேத்தைகள் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டு, ஒரு குமிழியை விட்டுக் கீழே போகின்றன. சின்னக் கறுப்புகள் மேலே வருவதே இல்லை. பிள்ளைகள் இதிலிருந்து எடுத்த முடிவு, பெரியவை மூச்சுமுட்டித் தவிக்கின்றன, சின்னவை சுகமாக இருக்கின்றன என்பது.

பார்த்ததில் பிழையில்லை. பெரும்பாலான தவளை வாற்பேத்தைகளுக்குச் செவுளோடு சுவாசப்பையும் சிறு வயதிலேயே வேலை செய்யத் தொடங்கும். தண்ணீரில் ஒட்சிசன் போதுமாக இருந்தாலும் இடைக்கிடை மேலே வந்து காற்றெடுக்கும். குறைந்தால் அடிக்கடி வரும். தேரை இனம் இதற்கு விலக்கு. அதன் வாற்பேத்தையில் சுவாசப்பை உருமாற்றம் நெருங்கும் வரை பயன்பாட்டுக்கு வராது. அதுவரை செவுளும் தோலும்தான். ஆகவே மேலே வராத கறுப்புகள் சுகமாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. மேலே வந்து எடுப்பதற்கு அவற்றுக்கு வழி இருக்கவில்லை.

முதல் முடிவுகளும் காரணங்களும்

ஆசிரியை அந்தக் கிழமையே மூன்று காரியம் செய்தார். அழுகிய கீரை கல்லுகளின் கீழே தேங்கி மணத்ததால் கல்லுகளை வெளியே எடுத்தார். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பேசினை விளிம்புக்குக் கிட்டவரை கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினார். ஒரு மாணவன் வீட்டிலிருந்து மீன்தொட்டிக்குப் பூட்டும் காற்று மோட்டரைக் கொண்டுவர, அதையும் பூட்டினார்.

அன்றைய நிலைமையில் எல்லாமே நியாயமான முடிவுகள். கீரை அழுகினால் பற்றீரியா ஒட்சிசனைத் தின்றுவிடும். தண்ணீர் கூடினால் நெரிசல் குறையும். பலனும் தெரிந்தது. மோட்டர் ஓடத் தொடங்கிய பிறகு பெரியவை மேலே வருவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. தண்ணீரில் ஒட்சிசன் கூடினால் அதை உணரும் வாங்கிகளின் தூண்டல் தணிகிறது. மூளை காற்றெடுக்கப் போகச் சொல்லும் தடவைகளும் குறைகின்றன. தரம் 8 பிள்ளைகள், ஒரு விலங்கின் மூச்சை நரம்புத்தொகுதி தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கே இதைப் பாடமாக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

ஆனால் அந்த நாளிலிருந்து பேசினில் தரை என்று ஒன்று இல்லை. நான்கு பக்கமும் வழுக்கும் பிளாஸ்ரிக் சுவர் மட்டும்.

மழை விடுமுறைக்குப் பின்

கார்த்திகைக் கடைசியில் விடாமழை. பாடசாலை மூடியிருந்தது. மின்சாரமும் வந்து வந்து போனது. காவலாளி ஐயாதான் கீரை போட்டுப் பார்த்துக்கொண்டார். பாடசாலை திறந்தபோது கறுப்புகளில் நிறைய வயிறு மேலே தெரிய மிதந்தன.

எல்லோரும் முதலில் சந்தேகப்பட்டது மின்சாரத்தை. மோட்டர் நின்றதால் ஒட்சிசன் இல்லாமல் செத்தன என்று வகுப்பு முடிவுகட்டியது. அடுத்த சந்தேகம் பெரிய வாற்பேத்தைகள் சின்னதைக் கடித்திருக்குமோ என்பது. உடல்களை எடுத்துப் பார்த்தபோது வாலிலோ வயிற்றிலோ கடிகாயம் இல்லை. மின்சாரக் கதையும் அதிக நேரம் நிற்கவில்லை. மின்சாரம் திரும்பி, மோட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அடுத்தடுத்த நாட்களிலும் சாவு தொடர்ந்தது.

தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கலாம் என்று ஆசிரியை வாய்விட்டுச் சொன்னபோது காவலாளி ஐயா ஒப்புக்கொள்ளவேயில்லை. “கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கே சீவியம் நடக்குது ரீச்சர். தண்ணிக்குள்ள பிறந்தது தண்ணிக்குள்ள சாகுமே?” அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் மேலே எதையும் தீர்மானிக்க முடியாது என்றுதான் ஆசிரியை என்னிடம் வந்தார்.

நான் போய்ப் பார்த்தபோது பேசினில் கிடந்த உடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருந்தது: முன்கால்கள் வெளியே வந்திருந்தன, வால் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. பின்கால் மட்டும் முளைத்த கறுப்புகள் ஒன்றும் சாகவில்லை. அவை அதே தண்ணீரில் சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் கெட்டிருந்தால் இப்படிப் பிரிந்திருக்காது.

அப்புறம் ஒரு மாணவி சொன்னது. “சேர், மாவிலையில ஏறினது ஒண்டும் சாகேல்லை.” காற்றுக்கு விறாந்தைக்குள் பறந்துவந்து வலையின் கிழிசலால் விழுந்த மாவிலை அது. அவள் அதைக் கொப்பியில் எழுதியிருக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாக அது தெரியாததால் எழுதாமல் விட்டிருக்கிறாள்.

கைவில்லையோடு இலையின் பக்கத்தில் இருந்து பார்த்தோம். நகத்தின் அளவே இருந்த ஒரு தேரைக்குஞ்சு, வால் கட்டையாக, நனைந்த இலையில் குந்தியிருந்தது. தொண்டைத் தோல் இடைவிடாமல் படபடத்தது. அந்தப் படபடப்பு ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒருமுறை தொண்டை நன்றாக மேலே ஏற, மூக்குத்துவாரம் இரண்டும் மூடிக்கொள்ள, விலாப்பக்கம் இலேசாக வீங்கியது. பிறகு பழையபடி படபடப்பு. பேசின் சுவரோரம் இன்னொன்று முன்காலால் பிளாஸ்ரிக்கைச் சுரண்டி மூக்கை நீட்டியது, வழுக்கிக் கீழே போனது, திரும்ப வந்தது, திரும்பவும் வழுக்கியது.

மூளைத்தண்டில் நடக்கும் மாற்றம்

தேரைக்கும் தவளைக்கும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடான பிரிமென்றகடு கிடையாது. நெஞ்சை விரித்துக் காற்றை உள்ளே இழுக்கும் விலாக்கூடும் கிடையாது. வாய்க்குழியின் தரையைத் தாழ்த்தி மூக்கால் காற்றை வாய்க்குள் எடுக்க வேண்டும். பிறகு மூக்கை மூடி, குரல்வளை வாயைத் திறந்து, தொண்டையை உயர்த்தி அந்தக் காற்றைச் சுவாசப்பைக்குள் தள்ள வேண்டும். கீழ்த்தாடையின் நுனி மேலே அமுக்குவதால்தான் மூக்குத்துவாரம் மூடுகிறது. வாய் மூடியிருந்தால்தான் இந்த வேலை நடக்கும். நாங்கள் இலையில் பார்த்த பெரிய அசைவு இது. சின்னப் படபடப்பு வேறு: அப்போது குரல்வளை வாய் மூடியிருக்கும், மூக்கு திறந்திருக்கும், காற்று வாய்க்குள் வந்து போகும், சுவாசப்பைக்குள் போகாது.

இரண்டையும் ஓட்டுவது, மூளை முண்ணாணோடு சேரும் பகுதியான மூளைத்தண்டு. தவளையின் மூளைத்தண்டை மட்டும் பிரித்தெடுத்து ஒட்சிசன் ஊட்டிய உப்புக்கரைசலில் வைத்தாலும், 5ஆம், 7ஆம், 10ஆம், 12ஆம் மண்டையோட்டு நரம்புகளின் வேர்களில் மூச்சின் தாளம் மின்துடிப்பாக வந்துகொண்டிருக்கும். தொண்டையும் சுவாசப்பையும் இல்லாமலே கட்டளை மட்டும் ஓடுகிறது. 2002 இல் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தத் தாளம் ஒன்றல்ல, தனித்தனியாக இயங்கக்கூடிய இரண்டு நரம்புக்கல வலைகளிலிருந்து வருவது என்பதற்குச் சான்று தந்தார்கள். ஒன்று தொண்டைப் படபடப்புக்கு, மற்றது சுவாசப்பை மூச்சுக்கு. ஓபியம் வகை மருந்து கொடுத்தால் சுவாசப்பைத் தாளம் அடங்கும், படபடப்புத் தாளம் தொடரும். மனிதருக்கு அந்த வகை மருந்து அளவு மீறினால் மூச்சு நிற்பதை இதோடு சேர்த்துச் சொன்னபோது, உயர்தர மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாலூட்டிகளில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் பகுதியை 1991 இல் எலியில் அடையாளம் கண்டார்கள். தவளையின் சுவாசப்பைத் தாளத்துக்கு அது உறவு என்பது இத்துறையில் பலர் கொண்டுள்ள கருத்து.

இனி வாற்பேத்தைக்கு வருவோம். அதன் மூளைத்தண்டிலும் வேகமான சிறு துடிப்பும் அரிதான பெரும் துடிப்பும் உண்டு. சிறு துடிப்பு, வாய்த்தரையை அசைத்துச் செவுள்களின் மேலாகத் தண்ணீரை ஓட்டுகிறது. பெரும் துடிப்பு சுவாசப்பைக்கு உரியது. உருமாற்றத்தில் செவுள் அழிந்துபோனாலும் அதை ஓட்டிய தாளம் அழிவதில்லை. தொண்டைப் படபடப்பாக மிஞ்சுகிறது. பெரும் துடிப்புகள் கூடிக்கொண்டே வந்து தலைமை ஏற்கின்றன. காபனீரொட்சைட்டுக்குக் காட்டும் உணர்வும் அப்படியே. தண்ணீரில் மூச்செடுக்கும் பிராணியிடமிருந்து காபனீரொட்சைட்டு இலேசாகக் கழுவிப்போய்விடும், ஆகவே ஒட்சிசன் குறைவதுதான் அதற்கு முக்கிய செய்தி. காற்றெடுக்கும் பிராணியில் காபனீரொட்சைட்டு தேங்கும். அதனால் கூடும் அமிலத்தன்மையை மூளைத்தண்டே உணர்ந்து சுவாசப்பை மூச்சைக் கூட்டவேண்டும். இளம் வாற்பேத்தையில் இந்தப் பதில் பலவீனம், முதிர்ந்ததில் பலம்.

முன்கால் வெளியே வருவது ஏன் அபாய நேரம் என்றால், முன்கால் முளைப்பதே செவுள் அறைக்குள். அந்த மூடியைத் துளைத்துக்கொண்டு கால் வரும்போது செவுள்கள் சுருங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. தைரொயிட் ஓமோன் ஒரே சமயத்தில் வாலையும் செவுளையும் கரைத்து, குடலையும் தாடையையும் மாற்றிக் கட்டுகிறது. நீந்த உதவிய வால் போகிறது. மூளை சுவாசப்பையை நம்பத் தொடங்கிவிட்டது. மூக்கில் தண்ணீர் பட்டுக்கொண்டிருக்கும் வரை குரல்வளை வாயைத் திறக்கவிடாத தெறிவினை ஒன்றும் இருக்கிறது. அது சுவாசப்பைக்குள் தண்ணீர் போகாமல் காக்கும். ஆனால் மூக்கை வெளியே நிறுத்திக்கொள்ள ஒரு பிடி கிடைக்காத குஞ்சுக்கு அதே காவல் மூச்சுக்குத் தடையாகிறது. தேரை இந்த வயது வரை சுவாசப்பையையே பயன்படுத்தியதில்லை என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். மற்றத் தவளைகளுக்குப் பழக்கமான ஒரு வேலை, தேரைக்குப் புத்தம்புதிது.

காவலாளி ஐயாவின் கேள்விக்கும் இதில் பதில் உண்டு. தோலால் மட்டும் தவளை வாழமுடியாதா? குளிர்நாடுகளில் முடியும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சில தவளைகள் பனிக்காலத்தைக் குளத்தின் அடியிலேயே, தோலால் மூச்செடுத்துக் கழிக்கின்றன. டென்மார்க்கின் உடற்றொழிலியலாளர் ஓகஸ்ட் குரோக் 1904 இல் தவளையின் தோல் மூச்சையும் சுவாசப்பை மூச்சையும் பிரித்து அளந்தார். தோலால் எடுக்கும் ஒட்சிசன் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு. சூடான காலத்தில் கூடும் தேவையைச் சுவாசப்பைதான் ஈடுசெய்கிறது. காபனீரொட்சைட்டில் பெரும்பகுதி தோலால் வெளியேறுகிறது என்று கண்டார். 0 பாகை நன்னீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 தான். சூட்டில் உடலின் தேவை ஏறுகிறது, தண்ணீரின் கையிருப்போ பாதியாகிறது. மாரியிலும் வன்னியில் குளிர்நாட்டுக் குளத்தின் குளிர் வருவதில்லை. ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப கல்லுக்குள்ள இருக்கிறதுக்கும் காத்து வர ஒரு வெடிப்பு இருந்திருக்கும்” என்றார். சரியான முடிவு அது.

மாற்றிய முடிவு

அன்றே பேசினைச் சரித்து வைத்தோம். ஒரு பக்கம் மணலும் உடைந்த ஓட்டுத்துண்டுகளும் போட்டுச் சாய்வான கரை கட்டினோம். ஆழமான பக்கத்தில் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும். முன்கால் தோளில் புடைத்துத் தெரிந்த கறுப்புகளை இன்னொரு பேசினுக்கு மாற்றினோம். அங்கே தண்ணீர் ஒரு விரல் தடிப்புக்கு மேல் இல்லை, மிச்சமெல்லாம் நனைந்த மணலும் இலையும். மோட்டரை அங்கே பூட்டவில்லை. நீரோட்டம் அந்தக் குஞ்சுகளை அலைக்கழிக்கும். பெரிய வாற்பேத்தைகளைத் தனியாக்கினோம்.

உயர்தர மாணவன் ஒருவன், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பேசினைப் பழையபடி ஆழமாகவே விடலாம் என்றான். கட்டுப்பாட்டுப் பரிசோதனை பற்றி அவன் படித்தது அது, யோசனையிலும் பிழையில்லை. ஆசிரியையும் நானும் மறுத்தோம். முன்கால் வந்தவை மட்டும் செத்ததும், இலையில் ஏறியவை பிழைத்ததும் ஏற்கெனவே எங்கள் கையில் இருந்த ஒப்பீடு. இன்னொரு பேசினில் சாகவிட்டு அதையே திரும்பக் காட்டுவதில் பிள்ளைகள் கற்க ஒன்றும் இல்லை. அவனுக்கு வேறு வேலை கொடுத்தோம்: கரையேறிய குஞ்சுகளில் தொண்டைப் படபடப்பைத் தனியாகவும், மூக்கு மூடி விலா வீங்கும் மூச்சைத் தனியாகவும், காலைக் குளிர்ச்சியிலும் மதியச் சூட்டிலும் எண்ண வேண்டும்.

விளைவு

கரை கட்டிய பிறகு முன்கால் வந்த குஞ்சுகளில் சாவு ஏறக்குறைய நின்றுபோனது. ஒன்றிரண்டு செத்தன. அவை மாற்றும்போதே ஓய்ந்துபோயிருந்தவை. மற்றவை வால் கரையும் வரை கரையோரம் கிடந்து, பிறகு மணலுக்கு ஏறின. மழைவிட்ட ஒரு மாலையில் பிள்ளைகள் அவற்றை மோட்டைக் கரைப் புல்லில் விட்டார்கள்.

எண்ணப் போன மாணவன் கொண்டுவந்த கொப்பியில், மதியத்தில் சுவாசப்பை மூச்சு காலையைவிட அடிக்கடி வந்தது தெரிந்தது. அது ஒழுங்கான இடைவெளியில் வரவில்லை, அடுத்தடுத்துச் சில, பிறகு ஓர் இடைவெளி. ஈரூடகவாழிகளின் மூச்சு இப்படி விட்டுவிட்டு வருவது நன்கு அறியப்பட்ட விடயம். மூளைத்தண்டு, சுவாசப்பைச் சுவரின் இழுவை வாங்கிகள் வேகஸ் நரம்பு வழியாக அனுப்பும் செய்தி, இரத்தத்தின் வாயு நிலை ஆகியவை சேர்ந்துதான் அந்த ஒழுங்கை அமைக்கின்றன. அவனுக்கு முதலில் இது தன் எண்ணிக்கைப் பிழையாகத் தோன்றி, பக்கத்தை அழித்துத் திருத்தப் பார்த்திருக்கிறான். ஆசிரியை தடுத்து, அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னார்.

மரத்தவளை வாற்பேத்தைகள் ஒரு கேள்வியைக் கிளப்பின. அவற்றின் பேசினிலும் கரை கட்டியிருந்தோம், ஆனால் அவை கரைப்பக்கமே வராமல் செங்குத்தான சுவரில் ஏறி வலை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. விரல் நுனியில் ஒட்டுத்தட்டு உள்ள இனம் அது. ஆழமான பேசின் அவற்றைக் கொன்றிருக்காது. இரண்டு இனத்தையும் ஒரே பேசினில் வைத்தபடியால், ஒன்று தப்பியதைக் காட்டி மற்றதற்கும் தண்ணீர் காரணமில்லை என்று யாராவது வாதாடியிருக்கக்கூடும்.

இனிச் செய்வது

அடுத்த மாரிக்கு இனங்களைத் தொடக்கத்திலேயே பிரித்துத்தான் வைப்போம். கரை, வாற்பேத்தை வந்த நாளிலிருந்தே இருக்கும். கீரை தேங்காதபடி கல்லுக்குப் பதில் மணற்சாய்வு. கொப்பியில் “கேட்ட கேள்விக்கு வெளியே கண்டவை” என்று ஒரு நிரலை ஆசிரியை சேர்த்திருக்கிறார். மாவிலையைப் பார்த்த மாணவிதான் அதற்குப் பொறுப்பு. விடுமுறையில் பார்த்துக்கொள்ளும் காவலாளி ஐயாவுக்குத் தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் இரண்டே விடயம்: கறுப்புகளின் தோளில் முன்கால் புடைத்தால் தண்ணீரை ஒரு விரல் தடிப்புக்கு இறைத்துவிட வேண்டும், அந்த நாட்களில் கீரை போடத் தேவையில்லை, வாயும் குடலும் மாறிக்கொண்டிருப்பதால் அவை சாப்பிடாது.

உயர்தர வகுப்பில் மூச்சுக் கட்டுப்பாடு படிப்பிக்கும்போது, இனி மனிதரின் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான நீள்வளைய மையவிழையத்திலிருந்து தொடங்காமல் தேரைக்குஞ்சின் தொண்டையிலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன். அதற்கு வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு கைவில்லை, ஒரு நனைந்த இலை, அசையாமல் இருந்து எண்ணக்கூடிய இரண்டு பிள்ளைகள் போதும்: ஒருவர் தொண்டைக்கு, மற்றவர் மூக்குத்துவாரத்துக்கு.